காய் மிஞ்சும் மாதமும் காசு குறையும் மாதமும்

(தோட்டக் கிளையின் குடும்ப நாள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர், மருந்துச் சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்றைய கூட்டத்தில் ஊறுகாயும் வற்றலும் பேசப்படும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும் சிலர் சிரித்தார்கள். "சங்கம் இனிமேல் சமையல் கட்டுக்குள்ளும் வந்துவிட்டதா?" என்று ஒரு தோழர் கேட்டார். வரத்தான் வேண்டும். நமது சம்பளம் முடிகிற இடம் சமையல் கட்டுதான். அது முடிகிற இடத்தைப் பார்க்காமல் தொடங்குகிற இடத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் நம் கணக்கு ஒருநாளும் நேராகாது.

மே மாதத்தில் நமது லயன்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். மாமரத்தடியில் கால் வைக்க இடமிருக்காது. காற்றடித்தால் காய் கொட்டுகிறது. முதல் வாரம் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள், இரண்டாம் வாரம் யாரும் சீண்டுவதில்லை, மூன்றாம் வாரம் ஈ மொய்க்கிறது. ஜூன், ஜூலை வந்தால் பலாவும் சிம்படாக்கும் பழுத்து வெடிக்கின்றன. துரியான் இரவெல்லாம் விழுகிறது. ஒரு வீட்டில் மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறோம். அடுத்த வீட்டிலும் மிஞ்சினால் மண்ணுக்குக் கொடுக்கிறோம்.

பிப்ரவரி மாதத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். பால் மரம் இலை உதிர்க்கிறது. மங்கில் பால் பாதியாகிறது. சில நிரைகளில் கத்தி வைப்பதையே நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அதைப்போல அக்டோபர், நவம்பரில் விடியற்காலை மழை பிடித்துக் கொண்டால் பிரட்டுக்குப் போய்விட்டுக் கத்தியை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பி வருகிறோம். அந்த மாதங்களில் செக்ரோலை எழுதும் நமக்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விழும் வெற்றுக் கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இந்த மாதம் யார் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று.

காய் மிஞ்சுகிற மாதம் ஒன்று, காசு குறைகிற மாதம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் கட்ட முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. முடியும். அந்தப் பாலம் உப்பும் வெயிலும்.

கடன் புத்தகம் பேசுகிறது

555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை அறியாதவர் இங்கே யாருமில்லை. கடைக்காரர் எழுதி நம் கையில் கொடுக்கும் கடன் கணக்கு அது. அரிசி, மாவு, எண்ணெய், பருப்பு ஆகியவற்றைக் கடனில் வாங்குவதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால், நடுநடுவே என்ன எழுதியிருக்கிறது? ஊறுகாய் ஒரு போத்தல். காய்ந்த மிளகாய் ஒரு பாக்கெட். புளி. அசாம் கெப்பிங். ஜாம் ஒன்று. மோர் மிளகாய் ஒரு பாக்கெட். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. சின்னத் தொகையாக இருப்பதால்தான் கண்ணில் படாமல் போகிறது.

கிராணி வேலை பார்ப்பவர்கள் கணக்கை விடமாட்டோம். ஒரு குடும்பத்தில் இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு வாரத்துக்கு 5 வெள்ளி போகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 52 வாரம். 260 வெள்ளி ஆகிறது. இதில் பாதியை நம் கொல்லையிலிருந்தே எடுத்துவிட்டால் 130 வெள்ளி மிச்சம். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தும் பையும் வாங்கலாம். இது கோட்டை கட்டுகிற பணமல்ல. ஆனால் பால் குறைகிற மாதத்தில் கடைக்காரரிடம் தலைகுனிந்து நிற்காமல் இருக்க இது போதும்.

தலைகுனிவதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் வீட்டுக் கூரைகள் ஒழுகுவதைப் பற்றி மனு ஒன்று தயாரித்தோம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனோம். நல்ல வெட்டுக்காரர், நேர்மையானவர், கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர் ஒருவர், பேனாவைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கிராணியாரே, தப்பா நினைக்காதீங்க. ஆபீசுல முன்பணம் நிக்குது. கடையிலயும் நிக்குது. நாளைக்கு முன்பணம் கெடையாதுன்னு சொல்லிட்டா புள்ளைங்களுக்கு நான் என்னத்தப் போடுவேன்?" என்றார்.

அவர் வீட்டுக் கூரைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஒழுகியது. அன்றைக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்தது பயமல்ல, கடன். தோழர்களே, கடன்பட்ட தொழிலாளிக்குச் சங்கத்தில் பாதிக் குரல்தான் இருக்கிறது. ஆகவே கடனைக் குறைக்கும் எந்த வேலையும் சங்க வேலைதான். அது ஊறுகாய் ஜாடியாக இருந்தாலும் சரி.

பாலைக் காக்கத் தெரிந்தவர்கள்

"இதெல்லாம் நமக்கு வராது, கெட்டுப் போய்விடும்" என்று சில சகோதரிகள் சொல்கிறார்கள். கெடாமல் காப்பதைப் பற்றி நமக்கு யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? நமது தொழிலே அதுதானே!

மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்தில் தானாகக் கட்டியாகிறது, நாற்றமெடுக்கிறது. அதைப் பாலாகவே வைத்திருக்க அமோனியா சேர்க்கிறார்கள். உறைய வைக்க அமிலம் சேர்க்கிறார்கள். ஷீட்டாக உருட்டிய பிறகு தண்ணீர் வடிய விட்டு, புகையில் உலர்த்துகிறார்கள். ஏன் புகை? ஈரம் போகவும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும். சரியாகக் காயாத ஷீட்டில் பூஞ்சணம் பிடித்தால் தரம் இறங்குகிறது என்பதைப் பழைய ஆலைத் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள்.

காய்க்கும் இதே விதிதான். காய் கெடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால். அவற்றுக்கு ஈரம் வேண்டும். ஈரத்தை வெயிலில் எடுத்துவிட்டால் வற்றல். உப்பைப் போட்டு ஈரத்தைக் கட்டிப் போட்டால் ஊறுகாய். சீனியைப் போட்டுக் கட்டிப் போட்டால் ஜாம். புளிப்பு ஏறினால் நுண்ணுயிர்களில் பல பிழைக்க மாட்டா. இவ்வளவுதான் சாஸ்திரம். முதலாளியின் பாலைக் கெடாமல் காத்த கைகள் தம் பிள்ளைகளின் காயைக் காக்க முடியாதா?

நமது பாட்டிமார் இதைச் செய்துதான் வாழ்ந்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனது. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. சீவிக் காயவைத்த கிழங்கை இடித்து மாவாக்கி வைத்துக் கொண்டார்கள். அந்தப் பஞ்சத்தை நாம் பார்க்கவில்லை. நம் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் நாம். "வெயில் இருந்த நாள்ல காயவச்சவ வீட்லதான் மழ நாள்ல ஒல கொதிச்சுது" என்று பாட்டி சொல்வார்.

மாதத்துக்கு ஒரு வேலை

நமது நாட்டில் எந்த மாதத்தில் எதைச் செய்வது என்று ஒரு ஒழுங்கு வைத்துக் கொண்டால் வேலை பாரமாக இராது. இடத்துக்கு இடம் முன்னே பின்னே இருக்கலாம். பொதுவாக மேற்குக் கரைத் தோட்டங்களில் இப்படி:

பிப்ரவரி, மார்ச்: இலை உதிரும் காலம். வேலை குறைவு, வெயில் அதிகம். வற்றல் போடும் மாதங்கள் இவையே. மிளகாய், சுண்டைக்காய், பாகற்காய், கொத்தவரை, கத்திரிக்காய், மணத்தக்காளி.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: மாங்காய். உப்பு மாங்காய், மாங்காய் வற்றல், ஊறுகாய்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை: பலா, சிம்படாக், துரியான். பலாக்கொட்டை, துரியான் பதம்.

எலுமிச்சையும், கஸ்தூரி எலுமிச்சை என்கிற லீமாவ் கஸ்தூரியும், நார்த்தையும் எப்போது மலிகின்றனவோ அப்போது.

அக்டோபர் முதல்: மழை. அந்த மாதங்களில் எதையும் காயவைக்கப் புறப்பட வேண்டாம். போட்டு வைத்ததை எடுத்துச் சாப்பிடும் காலம் அது.

செய்யும் முறை

மாங்காய்: நன்றாக முற்றிய, பழுக்காத, அடிபடாத காயாகப் பார்த்து எடுங்கள். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துணியால் துடைத்து, துண்டு போடுங்கள். 1 கிலோ துண்டுக்கு 200 கிராம் கல் உப்பு. பலரும் இந்த அளவைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். உப்பைக் குறைத்தால்தான் பயப்பட வேண்டும். ஜாடியில் போட்டுத் துணியால் வாய் கட்டி, மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை குலுக்கி விடுங்கள். தண்ணீர் விட்டுக் கொள்ளும். நான்காம் நாள் துண்டுகளை மட்டும் எடுத்து வெயிலில் வைத்து, மாலையில் மறுபடி அதே உப்புத் தண்ணீரில் போடுங்கள். மூன்று, நான்கு வெயில் இப்படிக் காட்டினால் தண்ணீரெல்லாம் காய்க்குள் ஏறிவிடும். அதன்பின் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம் சேர்த்துத் தாளித்த எண்ணெயில் ஊறுகாய் ஆக்கலாம். மறுபாதியைச் சருகாகக் காயவிட்டால் மாங்காய் வற்றல். மீன் குழம்புக்கும் பருப்புக்கும் இரண்டு துண்டு போட்டால் அன்றைக்குப் புளி வாங்க வேண்டாம்.

எலுமிச்சை: நல்லெண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது அல்லவா? எலுமிச்சைக்கு எண்ணெயே வேண்டாம். நான்காகக் கீறி, 1 கிலோவுக்கு அதே 200 கிராம் உப்பு அடைத்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதன் சாற்றிலேயே முழுகி இருக்கும்படி அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும். தயிர்ச் சோற்றுக்கும் கஞ்சிக்கும் ஒரு துண்டு போதும்.

மோர் மிளகாய்: பச்சை மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனியில் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஓரிரவு ஊறவிடுங்கள். பகலில் மிளகாயை மட்டும் வெயிலில் வைத்து, இரவில் மறுபடி மோரில் போடுங்கள். மோர் வற்றும் வரை இப்படிச் செய்து, பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுங்கள்.

சுண்டைக்காய், பாகற்காய், கொத்தவரை: சுண்டைக்காயைத் தட்டிக் கொள்ளவும். மற்றவற்றை வில்லையாக நறுக்கவும். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, வடித்து, வெயிலில் பரப்புங்கள். தகரத்தின் மேல் நேராகப் போடாமல் பாய் விரித்து, கொசுவலைத் துணியால் மூடுங்கள். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். நமது நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். மாலை நாலு மணிக்கு மேல் வெளியில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறிவிடும். உள்ளே எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.

பலாக்கொட்டை: பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வீசுகிறோம். கொட்டையைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். சில வாரங்கள் இருக்கும். குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் அவித்துத் தோலுரித்து உறைய வைக்கலாம். முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் போட்ட குழம்புக்கு வேறு காய் தேவையில்லை.

துரியான்: இதை நமக்குக் கம்பத்து மலாய்த் தாய்மார்தான் சொல்லித் தர வேண்டும். மிகவும் பழுத்து இளகிப் போன சுளையைக் கொட்டை நீக்கி, கொஞ்சம் உப்புக் கலந்து, மூடிய போத்தலில் சில நாள் வைத்தால் புளித்துத் தெம்போயாக் ஆகிறது. காற்று வெளியேற மூடியைச் சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும். புளித்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொள்ளலாம். பகாங் மாநிலத்துத் தெமெர்லோவில் பாத்தின் மீனைத் தெம்போயாக்கில் சமைத்து ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்! பக்கத்து லயனில் இருக்கும் இந்தோனேசியச் சகோதரிகளையும் கேளுங்கள். அவர்களும் கைவசம் பல முறைகள் வைத்திருக்கிறார்கள். கற்றுக் கொள்வதில் இனம் ஏது?

அன்னாசி: 1 கிலோ சதைக்கு முக்கால் கிலோ சீனியும் இரண்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் ஜாம். கொதிநீரில் போட்டு எடுத்த போத்தலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். ஆனால் சீனி நோய் உள்ள வீட்டில் இது வேண்டாம்.

நமக்கு நேர்ந்த நஷ்டம்

நாமும் பட்டுத்தான் கற்றோம். ஓர் ஆண்டு, உப்பு அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னதைக் கேட்டு, மாங்காய்க்கு உப்பைப் பாதியாகக் குறைத்தோம். மூன்று வெயில் காட்ட வேண்டியதை, மழை வருகிறது என்று ஒரு வெயிலோடு நிறுத்தினோம். ஈரக் கரண்டியைப் போட்டு எடுத்தோம். ஒரே மாதத்தில் ஜாடியின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று யோசித்தோம். ஐந்து கிலோ காய், ஒரு வாரத்து வேலை. மனம் கேட்கவில்லை.

நம் தாயார் ஜாடியைத் தூக்கிக் கொண்டு போய்க் குப்பைக் குழியில் கவிழ்த்துவிட்டு வந்தார். "காய் போனா அடுத்த வருஷம் காய்க்கும். வயிறு போனா ஆஸ்பத்திரிக்கு யார் அலையறது?" என்றார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்ற பழமொழியின் முழு அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

மிகவும் ஜாக்கிரதை

சில விஷயங்களை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இவை காசு விஷயமல்ல, உயிர் விஷயம்.

முதலாவது, பாத்திரம். ஸ்டோரிலும் ஆலையிலும் காலியாகக் கிடக்கும் அமிலக் கேன், அமோனியா டிரம், புல் மருந்துக் கேன் ஆகியவற்றைக் கழுவி வீட்டுக்குக் கொண்டு வந்து தண்ணீர் பிடிப்பவர்களை இன்னும் பார்க்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுப் பாத்திரம் ஆகாது. பாராகுவாட் என்னும் புல் மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய கேன் எங்கே மூலையில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைப்போலவே, பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தைப் புளிப்புக்கு என்று ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அது தொண்டையையும் குடலையும் அரித்துவிடும். புளிப்பு வேண்டுமானால் எலுமிச்சை இருக்கிறது, கடையில் சமையல் காடி இருக்கிறது.

இரண்டாவது, அலுமினியப் பாத்திரமும் தகரமும் உப்புக்கும் புளிப்புக்கும் ஆகா. அரித்துவிடும். கண்ணாடிப் போத்தல், பீங்கான் ஜாடி ஆகியவையே நல்லவை. மைலோ டின்னை வீச வேண்டாம். நன்றாகக் காய்ந்த வற்றல் போட அது உதவும். ஊறுகாய் மட்டும் அதில் வேண்டாம்.

மூன்றாவது, அவித்த அவரை, சோளம், காளான் போன்றவற்றை உப்பும் புளிப்பும் இல்லாமல் போத்தலில் காற்றுப் புகாதபடி அடைத்து வெளியில் வைக்கும் முறையைக் கைபேசியில் பார்த்துச் செய்யப் புறப்படாதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகைக் கிருமி அதில் நஞ்சை உண்டாக்கும். சாதாரணக் கொதிநீரில் அதன் வித்து சாவதில்லை. நாற்றமும் காட்டாது, நிறமும் காட்டாது. பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

நான்காவது, உப்பு. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு சிறு தேக்கரண்டி அளவுதான். ஆகவே ஊறுகாயைத் தொட்டுக் கொள்ளுங்கள். அதுவே கறியாகிவிட வேண்டாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வற்றலை ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். பிள்ளைகளுக்குச் சோறும் ஊறுகாயும் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது சிக்கனமல்ல, அநியாயம். கீரையும் மீனும் பருப்பும் அவர்கள் தட்டில் இருக்க வேண்டும். ஊறுகாயில் மிச்சப்படும் காசு அதற்குத்தான்.

எதைச் செய்தால் இலாபம்?

கடையில் முழு விலைக்கு மாங்காய் வாங்கி, முழு விலைக்கு எண்ணெய் வாங்கி, ஒரு ஜாடி ஊறுகாய் போட்டால் அது ருசியாக இருக்கும். மிச்சமாக இராது. கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மரத்தடியில் சும்மா விழுவது, கொல்லையில் மிஞ்சுவது, பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவது ஆகிய மூன்றும்தான் நமக்கு இலாபம். எண்ணெயும் எரிவாயுவும் குறைவாகக் கேட்கும் முறைகளை முதலில் செய்யுங்கள். உப்பு எலுமிச்சை, வற்றல், மோர் மிளகாய். வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை.

ஆண்கள் இதைப் பெண்கள் வேலை என்று கேட்டுக் கொண்டிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. விடியற்காலையில் அவர்களும் உங்களோடு பிரட்டுக்கு வருகிறார்கள், உங்களோடு நிரையில் நடக்கிறார்கள். வீட்டுக்கு வந்து உங்களுக்கு முன்னால் அடுப்படியில் நிற்கிறார்கள். கோட்டுக்கத்தியில் மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவத் தெரிந்த கைக்கு மாங்காய் நறுக்கத் தெரியாதா? ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஒரு கேள்விக்குப் பதில்

இந்தப் பேச்சைத் தயாரித்தபோது ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார்: "தம்பி, சிக்கனமா இரு, சிக்கனமா இருன்னு சொல்றது மொதலாளி பேச்சில்லியா? நாளைக்கு அவன், நீங்கதான் ஊறுகாய் போட்டுச் சமாளிக்கிறீங்களே, ஒங்களுக்கு எதுக்குச் சம்பள உயர்வுன்னு கேக்க மாட்டானா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

சிக்கனம் சம்பளத்துக்கு ஈடல்ல. ஒருநாளும் ஆகாது. 2013ல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இந்த உயர்வு எதுவும் ஊறுகாய் ஜாடியிலிருந்து வரவில்லை. கேட்டதால் வந்தது. விடாமல் கேட்டதால் வந்தது. சாமான் விலை ஏறும்போதெல்லாம் இன்னும் கேட்டுக் கொண்டுதான் இருப்போம். மழை நாளிலும் இலை உதிரும் மாதத்திலும் தொழிலாளியின் வருமானம் விழுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதிலும், லயனுக்குப் பின்னால் காய்கறி போட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதிலும் நாம் விட்டுக் கொடுக்கப் போவதில்லை. பால்மரம் அழிந்து செம்பனை வந்த தோட்டங்களில், வீட்டை இழந்தவர்கள் கூடவே மாமரத்தையும் முருங்கையையும் இழந்தார்கள். நிலம் இல்லாதவனிடம் சிக்கனம் பேசுவது கேலி.

ஆனால், கேட்கப் போகிறவன் எப்படிப் போகிறான் என்பதும் முக்கியம். கடனில் கழுத்துவரை நிற்பவன் கேட்கும் முன்பே பாதி இறங்கி வந்துவிடுகிறான். வீட்டில் பத்து நாளைக்கு அரிசியும் பரண் மேல் வற்றலும் இருப்பவன் நிமிர்ந்து நின்று கேட்கிறான். முதலாளிக்காகச் சிக்கனம் செய்யச் சொல்லவில்லை. முதலாளி முன்னால் நிமிர்ந்து நிற்பதற்காகவே சொல்கிறோம்.

சிறுகச் சேர்ப்பதன் பலம் நம்மவர்களுக்குப் புதியதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் தம் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கட்டிய பணத்தால் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் அவற்றில் ஒன்று. 1954ல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானதும், பி. பி. நாராயணன் அவர்கள் அதன் பொதுச் செயலாளராக நின்று பேசியதும், மாதா மாதம் சந்தா கட்டிய எளிய தொழிலாளர்களின் பலத்தால்தான். காசு சிறியது என்று அவர்கள் வீசி எறியவில்லை.

இனி என்ன செய்வது?

பேசிவிட்டுக் கலைந்து போனால் பயனில்லை. மூன்று காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: வருகிற பிப்ரவரியில் முதல் நல்ல வெயில் ஞாயிற்றுக்கிழமையை நமது கிளையின் வற்றல் நாளாக வைத்துக் கொள்வோம். பிள்ளையார் கோயில் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் பாய் விரித்து எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து போடலாம். காவலுக்குப் பிள்ளைகள். கல் உப்பை மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக் கொண்டால் சில்லறை விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டு: மூத்த தாய்மார் நான்கு பேர் முன்வந்து இளம் பெண்களுக்கும், விரும்பும் ஆண்களுக்கும் செய்து காட்ட வேண்டும். அளவுகளை எழுதி வைக்கும் வேலை நம்முடையது. எழுதாமல் போனால் பாட்டியோடு கைமணமும் போய்விடும்.

மூன்று: ஒவ்வொரு வீட்டிலும் பழைய 555 புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுப் புத்தகம் வையுங்கள். கடையில் வாங்காமல் விட்ட சாமானையும் அதன் விலையையும் அதில் எழுதுங்கள். அது கடைக்காரர் எழுதும் கணக்கு. இது நாம் எழுதும் கணக்கு. அடுத்த ஆண்டு குடும்ப நாளில் இரண்டையும் எடுத்து வாருங்கள், கூட்டிப் பார்ப்போம்.

அன்றைக்குக் கையெழுத்துப் போடத் தயங்கிய அந்தத் தோழரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அவர் மனைவி கெட்டிக்காரி. அடுத்த ஆண்டே லயனுக்குப் பின்னால் மிளகாயும் பாகலும் போட்டார். மாங்காயை உப்பில் போட்டார். கடைக் கடன் ஒரே நாளில் தீரவில்லை. இரண்டு வருஷம் பிடித்தது. அவர் அதிக நாள் வேலை செய்ததும், மூத்த மகன் வேலைக்குப் போனதும் சேர்ந்துதான் தீர்ந்தது. ஊறுகாய்தான் தீர்த்தது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த மனு வந்தபோது அவர் வீட்டுக் கதவை நாம் தட்டவே இல்லை. அவரே ஆபீஸ் வாசலுக்கு வந்து, "எங்க கையெழுத்துப் போடணும் கிராணியாரே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்க வேண்டும் என்பதே நம் ஆசை.

ஒற்றுமை ஓங்குக. சங்கம் வாழ்க. வணக்கம்.